இருந்த இடத்திலேயே ஓர் ஆகாயப் பயணம்

மனிதன் மண்ணில் நடக்கப் படைக்கப்பட்டவன். ஆயினும் பறக்க வேண்டும் என்னும் ஆசை அவன் உள்ளத்தை விட்டு ஒருநாளும் அகன்றதில்லை. பறவையைக் கண்டு பெருமூச்சு விட்ட காலம் போய், விமானமேறிக் கடல் கடக்கும் காலம் வந்தது. இன்று அதையும் தாண்டி, ஓரடி தூரமும் நகராமலேயே மலைகளுக்கும் கடல்களுக்கும் மேலாகப் பறந்து திரும்பிய அனுபவத்தை ஊட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் இவற்றில் ஏறுவதற்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர்.

‘சிமுலேட்டர்’ எனப்படும் இந்தப் பாவனைப் பயண இயந்திரத்தைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். விளையாட்டுப் பொருளாக நாம் எண்ணும் இக்கருவி ஒரு கேள்வியை எழுப்புகிறது: நம்முடைய உணர்ச்சிகளை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? நம் குடும்ப வாழ்வையும் நம் செப வாழ்வையும் நேராகத் தொடுகின்ற கேள்வி இது. ஆதலால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

ஆர்கன் பட்டறையில் பிறந்த விமானம்

இந்த இயந்திரத்தின் பிறப்பிடம் கேளிக்கைப் பூங்கா அன்று, இசைக்கருவிப் பட்டறை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிங்கம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை, பியானோக்களும் ஆர்கன்களும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். குழாய் ஆர்கனுக்கு உயிர் கொடுப்பது துருத்தி. துருத்தி காற்றை அனுப்பினால்தான் குழாய் பாடும். இளைஞர் லிங்க்குக்கோ விமானம் ஓட்டக் கற்பதில் பெருவிருப்பம். அதற்குச் செலவு அதிகம். ஆகவே தந்தையின் பட்டறையிலிருந்த துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் கொண்டு, ஒரு பீடத்தின்மேல் நின்றபடியே ஆடித் திரும்பும் மரத்தாலான சிறு விமானம் ஒன்றைச் செய்தார். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் காற்றால் நிரம்பியும் வெறுமையாகியும் அந்த மர விமானத்தைச் சாய்க்கும், நிமிர்த்தும், திருப்பும். 1929ஆம் ஆண்டில் இது உருப்பெற்றது.

விமானப் பயிற்சிப் பள்ளிகள் இதனை மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே விளையாட்டுப் பொருளாக வாங்கின. 1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு தபால் ஏற்றிச் செல்லும் பொறுப்பைத் திடீரென்று தன் இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. குளிர்காலம், மூடுபனி, இரவு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலையில் ஓட்டப் பழகாத இளம் விமானிகள் விபத்துக்குள்ளாயினர். சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் இராணுவ அதிகாரிகளைச் சந்திக்க வேண்டியிருந்த லிங்க், எவரும் பறக்கத் துணியாத மூடுபனியில் தாமே விமானத்தை ஓட்டி வந்து இறங்கினார். அதைக் கண்ட பின்னரே அவருடைய கருவியின் மதிப்பு அவர்களுக்கு விளங்கிற்று. ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு இயந்திரங்களை வாங்கினர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5 லட்சம் விமானப் படையினர் இந்த இயந்திரத்தில் பயிற்சி பெற்றனர் என்பது வரலாறு.

காது சொல்லும் பொய்

அந்த விமானிகள் அதில் கற்றுக்கொண்ட முதற்பாடம் யாது? தம் உடல் சொல்வதை நம்பலாகாது என்பதே.

நம் காதுகள் கேட்பதற்கு மட்டும் அமைந்தவை அல்ல. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் அரைவட்ட வடிவான மூன்று நுண்குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிரம்பியுள்ளது. தலை திரும்பும்போது அத்திரவம் சற்றுப் பின்தங்குவதால் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. ஆனால் நெடுநேரம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் அதே வேகத்தில் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது திரும்புவதே தெரியாது. மேகத்தினுள் பறக்கும் விமானி, தாம் நேராகச் செல்வதாகவே உறுதியாக உணர்வார். உண்மையிலோ அவருடைய விமானம் சுழன்று கீழிறங்கிக்கொண்டிருக்கும். அதை நேராக்கினாலோ, எதிர்ப்புறம் சாய்வதாக உடல் கூக்குரலிடும். அந்தக் குரலுக்கு இணங்கி மீண்டும் பழைய சுழற்சிக்கே திரும்பி மாண்டவர் பலர். கண்முன் இருக்கும் கருவிகளின் முள் காட்டுவதை நம்பி, உடலின் கூச்சலைப் பொறுத்துக்கொண்டவர்களே உயிரோடு தரையிறங்கினர்.

விமானம் ஏறாதவர்க்கும் இந்த மயக்கம் புதிதன்று. நிலையத்தில் நிற்கும் இரயில் வண்டியில் அமர்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று ஒரு கணம் நெஞ்சு நம்பிவிடுகிறது அன்றோ? மறுபக்கம் திரும்பி நடைமேடைத் தூணைப் பார்த்த பின்னரே தெளிவு பிறக்கிறது.

கேளிக்கைப் பூங்காவின் பாவனைப் பயணம் முழுவதும் இந்த மயக்கத்தின்மீதே கட்டப்பட்டது. 1987 ஜனவரி 9 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ‘ஸ்டார் டூர்ஸ்’ என்னும் விண்வெளிப் பயணம் தொடங்கப்பட்டது. விமானிகளுக்குப் பயிற்சி இயந்திரம் செய்து வந்த ரெடிஃப்யூஷன் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் இயந்திரங்களே அதற்குப் பயன்பட்டன. 40 பேர் அமரும் அறைகள், அவற்றைத் தாங்கி அசைக்கும் இயந்திரக் கால்கள், எதிரே திரைப்படம். வந்து குவிந்த கூட்டத்திற்காகப் பூங்கா 60 மணி நேரம் இரவு பகலாகத் திறந்து வைக்கப்பட்டது.

அதன் தந்திரம் எளியது. படம் முன்னோக்கிப் பாயும் கணத்தில் இருக்கை பின்புறமாகச் சாய்கிறது. நம் எடை முதுகில் அழுந்துகிறது. வேகமாக முன்னே தள்ளப்பட்டாலும் முதுகு அப்படித்தான் அழுந்தும். பூமி இழுப்பதையும் வேகம் கூடுவதையும் பிரித்தறிய உடலால் இயலாது; இந்த ஒப்புமையை 1907இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீன் எடுத்துக்காட்டினார். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, முதுகும் ‘ஆம்’ என்கிறது, மூளை நம்பிவிடுகிறது. பிறகு நாம் அறியாவண்ணம் இருக்கை மெதுவாக நிமிர்ந்து அடுத்த சாய்வுக்கு ஆயத்தமாகிறது. எந்த மயக்கத்திற்கு இரையாகாதிருக்க விமானி அரும்பாடுபட்டுப் பயின்றாரோ, அதே மயக்கத்திற்காக நாம் கட்டணம் செலுத்துகிறோம்!

இது பாவமா? இல்லவே இல்லை. விளையாட்டும் ஒரு புண்ணியத்திற்கு உரிய துறையே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தெளிவாகக் கற்பித்துள்ளார். எந்நேரமும் நாணேற்றிய வில் முறிந்துபோவதுபோல, ஓய்வறியாத மனமும் முறிந்துபோகும் என்னும் பழங்கதையையும் அவர் அங்கே எடுத்தாள்கிறார். பிள்ளைகளோடு சிரித்து மகிழும் ஒரு நாள், குடும்பத்திற்கு இறைவன் தரும் கொடை.

புளோரிடாவில் கண்டது

2017ஆம் ஆண்டுக் கோடையில் சில வாரங்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பங்கில் உதவிப் பணியாற்ற நேர்ந்தது. அவ்வாண்டு மே 27 அன்றுதான் அங்குள்ள டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில், 2009இல் வெளிவந்த ‘அவதார்’ திரைப்படத்தின் உலகத்தைச் சித்திரிக்கும் பகுதியும், ‘ஃப்ளைட் ஆஃப் பாசேஜ்’ என்னும் பாவனைப் பறத்தலும் திறக்கப்பட்டிருந்தன. அப்பங்கைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று என்னையும் அழைத்துச் சென்றது. கணவன், மனைவி, பதினைந்து வயது மகன், ஐந்து வயது மகள், தூத்துக்குடியிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த பாட்டி ஆகியோர் அக்குடும்பத்தினர்.

வாயிலில் ஓர் அளவுகோல். 44 அங்குல உயரம் இல்லாத குழந்தைக்கு அனுமதி இல்லை. சிறுமிக்கு இரண்டு அங்குலம் குறைவு. “நான் புள்ளையப் பாத்துக்கிடுதேன். நீங்க போய்ட்டு வாங்க சாமி” என்று சொல்லிப் பாட்டி அவளை அழைத்துக்கொண்டு நிழலில் அமர்ந்தார்.

வரிசை மூன்று மணி நேரத்திற்கு மேல் நீண்டது. வெயிலும் புழுக்கமும் வாட்டின. எத்தனை நாட்டு மக்கள்! பூங்காவின் வரைபடத்தை மடித்துத் தூங்கும் குழந்தைக்கு விசிறிய தகப்பன், ஒரே தண்ணீர்ப் பாட்டிலைப் பகிர்ந்துகொண்ட சகோதரிகள், மூன்று மணி நேரமும் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காத தம்பதியர் எனப் பலரையும் அங்கே கண்டேன். அன்று அந்த வரிசையில் நின்றபோதுதான், வேலைப் பளுவால் பல மாதங்கள் பேச முடியாத விஷயங்களைத் தந்தையும் மகனும் பேசிக்கொண்டனர் என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார். (2021 முதல் அங்கே கூடுதல் கட்டணம் செலுத்தி வரிசையை முந்திச் செல்லும் ஏற்பாடு வந்துள்ளது. முந்திச் செல்கிறவர்கள் இந்த உரையாடலை இழக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. நற்கருணை வாங்கச் செல்லும் வரிசையில் எவரும் விலை கொடுத்து முந்த முடியாது என்பதை நினைத்து மகிழ்வோம்.)

மலைப்பாதை, குகை, இருளில் ஒளிரும் செடிகள், கண்ணாடித் தொட்டியில் மிதக்கும் நீலநிற உருவம் ஆகியவற்றைக் கடந்து ஓர் அறைக்குள் சென்றோம். 16 இருக்கைகள் ஒரே வரிசையில் இருந்தன. மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் முன்சாய்ந்து அமர வேண்டும். முதுகையும் கால்களையும் தாங்கிகள் வந்து அணைத்துக்கொண்டன. கண்ணுக்குச் சிறப்புக் கண்ணாடி. விளக்கு அணைந்தது. எதிரே இருந்த சுவர் மறைந்து பேராழம் ஒன்று திறந்தது. பறக்கும் பெரும் விலங்கு ஒன்றின் முதுகில் நாங்கள் கீழே பாய்ந்தோம்.

முகத்தில் காற்று வீசியது. கடலலை எழுந்தபோது நீர்த்திவலை தெறித்தது. காட்டினுள் நுழைந்தபோது ஈர மண்ணின் மணம் வந்தது. எல்லாவற்றிலும் வியப்பு, இருக்கையின் பக்கங்கள் முழங்கால்களுக்கிடையே மெல்ல விரிந்து சுருங்கியமை. அவ்விலங்கு மூச்சுவிடுகிறது! அதன் அழகு என் நெஞ்சையும் தொட்டது. நடுவில் ஒருமுறை கண்களை மூடிப் பார்த்தேன். உடனே மலையும் இல்லை, கடலும் இல்லை. இருக்கை சற்றே ஆடுகிறது, எங்கோ ஒரு விசிறி சுழல்கிறது, அவ்வளவே. கண் திறந்தவுடன் ஆகாயம் மீண்டும் வந்துவிட்டது. ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்து விளக்கு எரிந்தது.

ஒரு சிறுவன் கேட்ட கேள்வி

வெளியே வந்தபோது அந்த மகனின் கண்கள் ஈரமாயிருந்தன. சிறிது தூரம் பேசாமல் நடந்தான். பிறகு கேட்டான்: “ஃபாதர், உள்ளே எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூசையில் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா?”

அவனுடைய பெற்றோர் திடுக்கிட்டனர். எனக்கோ அவன்மீது மதிப்புப் பெருகிற்று. நம் பங்குகளில் எத்தனையோ இளைஞர்கள் இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கேட்க அஞ்சி, மெல்ல மெல்லக் கோயிலின் கடைசித் தூணருகே நகர்ந்து, ஒருநாள் வாயிலுக்கு வெளியே போய்விடுகின்றனர். இவன் வாய்விட்டுக் கேட்டான். அன்று அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, திருச்சபை புலன்களுக்குப் பகை அன்று. சாம்பிராணிப் புகை, மணியோசை, மெழுகுதிரியின் ஒளி, குருத்தோலை, நெற்றியில் சாம்பல், விரலில் தீர்த்தம் ஆகிய அனைத்தும் உடலின் வழியே உள்ளத்தை எழுப்புவதற்கென்றே தரப்பட்டவை. 1223ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்து, பெத்லகேமின் ஏழ்மையை மக்கள் கண்ணால் காணும்படி அமைத்தார். புனித இலோயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் வழியின் நீளத்தையும் அகலத்தையும், அது சமவெளியா மேடுபள்ளமா என்பதையும், குகையின் அளவையும் மனக்கண்ணால் பார்க்கும்படி சொல்கிறார். பார்க்கவும், கேட்கவும், முகரவும், சுவைக்கவும், தொடவும் ஐம்புலன்களையும் அழைக்கிறார். இயந்திரம் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அவருடைய நோக்கம் மெய்சிலிர்ப்பதோடு முடிவதன்று. அப்பயிற்சியை முடித்தவர், தம் வாழ்வை எவ்வழியில் ஒழுங்குபடுத்துவது என்று தீர்மானிக்க வேண்டும். கேளிக்கைச் சவாரி, ஏறிய இடத்திலேயே நம்மை இறக்கிவிடுகிறது. திருப்பலியோ இறுதியில் நம்மைச் சென்று வரும்படி அனுப்புகிறது.

இரண்டாவது, உணர்ச்சி வேறு, விசுவாசம் வேறு. உணர்ச்சி இறைவனின் கொடை. வந்தால் நன்றி சொல்வோம். ஆனால் அது திசைகாட்டி அன்று. மேகத்தினுள் பறக்கும் விமானிக்கு ஒன்றும் தெரியாதபோதும் விமானம் முன்னேறிக்கொண்டிருக்கிறது. சவாரியில் அமர்ந்தவருக்கோ எல்லாம் பாய்ந்து செல்வதுபோல் தோன்றினாலும் ஓரடியும் நகரவில்லை. உணர்ச்சியின் அளவு பயணத்தின் அளவாகாது. நாம் காண்பதைக் கொண்டல்ல, விசுவாசத்தைக் கொண்டே நடக்கிறோம் என்று புனித சின்னப்பர் கொரிந்து மக்களுக்குக் கற்பித்தது இதனைத்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித சிலுவை அருளப்பர் ஓர் அழகிய உவமை கூறுகிறார். தாய் தன் குழந்தையை முதலில் மார்போடு அணைத்துப் பாலூட்டுகிறாள். அது வளர்ந்ததும் பாலை மறக்கச் செய்து, இறக்கிவிட்டுத் தன் காலாலே நடக்கப் பழக்குகிறாள். செபத்தில் தொடக்கத்தில் கிடைக்கும் இனிமையை இறைவன் சிலவேளை விலக்குவதும் இவ்வாறே. அது கைவிடுதல் அன்று, வளர்த்தல்.

கல்கத்தாவின் புனித தெரசாவை அறியாதார் யார்? 1997இல் அவர் மறைந்தார். 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இறைப் பிரசன்னத்தின் இனிமையே இல்லை. இருளும் வெறுமையுமே இருந்தன. ஆயினும் அவர் தம் ஏழைகளையோ நற்கருணை நாதரையோ விட்டு அகலவில்லை. 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. ஒன்றும் உணராதவர் விசுவாசமற்றவர் என்றால் அவரை என்னவென்று சொல்வது?

இவ்வளவையும் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நிழலில் இருந்த பாட்டியிடம் வந்து சேர்ந்தோம். பேத்தி மடியில் உறங்கினாள். பாட்டியின் கையில் செபமாலை. பேச்சைக் கேட்டிருந்த அவர் பேரனைப் பார்த்துச் சொன்னார்: “ஒங்க தாத்தா போனப்பொறவு ஒரு வருசம் எனக்கு மந்திரம் வாயில மட்டுந்தாம்யா வந்துச்சு. நெஞ்சு கல்லாட்டம் கெடந்துச்சு. ஆனாலும் ஒருநா விடல. மாதாவுக்குத் தெரியும்னு உருட்டிக்கிட்டே இருந்தேன்.” இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டார். சிறுவன் அவருக்கு அருகில் போய் அமர்ந்துகொண்டான்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

பெற்றோரே, விடுமுறையில் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடன் வாங்கிச் செல்லாதீர்கள். உயரம், உடல்நலம் பற்றி அங்கே எழுதியிருப்பதை மதியுங்கள். அஞ்சுகிற குழந்தையைக் கேலி செய்து ஏற்றாதீர்கள். கண் ஓடுகிறோம் என்று சொல்ல, காது இல்லை என்று மறுக்கும்போது சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகும். கண்களை மூடிக்கொண்டால் பெரும்பாலும் தணியும். வரிசையில் நிற்கும் நேரத்தைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் தம்பதியரே, திருமணத்தின் தொடக்க நாட்களில் இருந்த சிலிர்ப்பு குறைந்தவுடன் அன்பே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நோயுற்ற கணவனுக்குக் கஞ்சி வைக்கும் மனைவி அந்நேரம் மெய்சிலிர்ப்பதில்லை. நள்ளிரவில் அழும் குழந்தையைத் தோளில் சாய்த்து நடக்கும் தகப்பனும் ஆகாயத்தில் பறப்பதில்லை. ஆயினும் அவர்கள் பீடத்தின் முன் தந்த வாக்குறுதியில் ஒவ்வோர் அடியாக முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள்.

இளைஞரே, ஆரவாரமான கூட்டத்தில் கண்ணீர் வந்தால் இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். மறுநாள் காலை வெறுமையாயிருந்தால் கலங்காதீர்கள். அன்றும் முழந்தாளிடுங்கள். விமானிக்கு முன்னே கருவிகள் இருப்பதுபோல் நமக்கு முன்னே இறைவார்த்தை உண்டு, கட்டளைகள் உண்டு, தேவதிரவிய அனுமானங்கள் உண்டு, நேர்மையான மனச்சான்று உண்டு. மேகம் சூழும் வேளையில் அவற்றின்மீது கண் வைத்திருப்போர் வழி தவறார். இந்த ஞாயிறு திருப்பலியில் ஒன்றும் தோன்றாவிட்டாலும் அடுத்த ஞாயிறும் வாருங்கள். உங்களுக்கான இடம் கோயிலில் காத்திருக்கும்.